சேம்பர் போல்ட்

“எவ்வளவு இறுக்கினாப் போதும், டீச்சர்?”

சவரியப்பன் கேட்டான். உள்ளங்கையில் ஒரு போல்ட்டை ஏந்தியிருந்தான். அதன் மரைக்குள் அலுமினியத் துணுக்குகள் சுருள் சுருளாகச் சிக்கியிருந்தன.

ஜுலைகா டீச்சர் போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு சாக்கை விரித்துப் போட்டு வேனுக்கு அடியில் போய்ப் படுத்தார்.

திண்டுக்கல் பேகம்பூரில் அவருடைய பட்டறை. அதற்கு முன்னால் நான்கு வருஷம் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தியவர். தற்காலிக வேலை. வேலை போனது, டீச்சர் என்ற பெயர் தங்கிவிட்டது. வயது முப்பத்தாறு.

சவரியப்பனுக்கு ஐம்பத்தைந்து. சிறுமலையில் வீடு. மலையிலிருந்து ஆட்களையும் வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு பதினெட்டு வளைவு இறங்கி வருகிற வேன் அவனுடையது. மற்ற வேலைக்கெல்லாம் பட்டறைக்குக் கொண்டுபோவான். ஆயில் மாற்றுவதை மட்டும் வீட்டு முற்றத்தில் தானே செய்வான்.

எஞ்சினுக்குக் கீழே ஆயில் நிற்கிற தொட்டி, சேம்பர். அதன் அடியில் ஒரு ஓட்டை. பழைய ஆயிலை வடிக்க அந்த ஓட்டையின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். வடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். அவ்வளவுதான் அந்த வேலை.

டீச்சர் அடியில் கண்டது வேறு. ஓட்டையைச் சுற்றி வெள்ளை டேப் மிச்சம் தொங்கியது. அதன்மேல் கறுப்புப் பசை. அதன்மேல் மண்ணைப் பிசைந்து அப்பியதுபோல இன்னொரு பசை. இத்தனையையும் மீறி ஆயில் சொட்டியிருந்தது.

வெளியே வந்து, எதை வைத்து இறுக்கினான் என்று விசாரித்தார். ரிங் ஸ்பேனர் என்றான்.

“ஸ்பேனர் மட்டுமா?”

அவன் கொஞ்சம் தயங்கினான். ஸ்பேனரின் வாலில் இரண்டடிப் பைப்பைச் செருகி, காலை டயரில் உதைத்துக்கொண்டு இழுத்ததைச் சொன்னான்.

“ஏன்ணே?”

“கழன்றுறக் கூடாதுல்ல.”

ஓட்டையில் மரை மொத்தமும் உரிந்துவிட்டது, அதைப் பெரிதாக்கிப் புது மரை வெட்ட வேண்டும், அதற்கேற்ற போல்ட் வாங்க வேண்டும், வண்டி இரண்டு நாள் நிற்கட்டும் என்றார் டீச்சர்.

சவரியப்பன் போகவில்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்றான். இதே கேள்வியை மூன்று மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறான். ஒருவர் கையால் ஏற்றியபின் அரைச் சுற்று என்றார். ஒருவர் மணிக்கட்டில் நரம்பு தெரிகிற வரைக்கும் என்றார். இன்னொருவர் இனிமேல் திரும்பாது என்று நிற்கிற வரைக்கும் என்றார். அந்தக் கடைசி ஆள் சொன்னதைத்தான் அவன் கேட்டான்.

டீச்சர் பரணிலிருந்து ஒரு பழைய சேம்பரை எடுத்து, மேஜையோடு பொருத்திய இரும்புப் பிடியான வைஸில் கவ்வவைத்தார். ஒரு போல்ட்டையும் ஸ்பேனரையும் கொடுத்தார்.

“இறுக்குங்க.”

அவன் இறுக்கினான். போல்ட் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தான். இன்னும் கொஞ்சம். திடீரென்று ஸ்பேனர் வெண்ணெயில் போவதுபோல லேசாகச் சுற்றியது.

மரை போய்விட்டது.

டீச்சர் இரண்டாவது சேம்பரை வைத்தார். அதுவும் போனது. மூன்றாவது வைத்தார்.

மூன்றாவதும் உரிந்தபோது அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

டீச்சர் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

“வீட்ல தண்ணிக் குழாய் ஒழுகுதாண்ணே?”

ஒழுகுகிறது என்றான். மாதம் ஒரு வாசர் மாற்றுகிறான். குழாயை அவன் மூடினால் அவன் மனைவி லூர்துவால் திறக்க முடியாது. ஊறுகாய் ஜாடியையும் அப்படித்தான். அவள் அதைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்து வாங்கி வருவாள். இதெல்லாம் டீச்சருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

டீச்சர் அவனை மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் புது மரை வெட்டி முடிந்திருந்தது. மேஜையில் புது போல்ட்டும், வளையல்போல ஒரு செம்பு வாசரும் இருந்தன. பக்கத்தில் நீளமான ஒரு ஸ்பேனர்.

அது டார்க் ரெஞ்ச். பிடியில் அளவைத் திருகி வைத்துக்கொண்டு இறுக்கினால், அந்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும். அங்கே நிறுத்திவிட வேண்டும். டீச்சர் இதை விளக்கியதும் சவரியப்பனுக்கு முகம் தெளிந்தது. இதைத்தான் தேடினேன், முதலிலேயே தந்திருக்கலாமே என்றான்.

டீச்சர் அளவை வைத்துக் கொடுத்தார். வைஸில் நாலாவது சேம்பர்.

அவன் இறுக்கினான்.

டிக்.

அவன் கை நிற்கவில்லை. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தது.

டிக்.

இன்னொன்று.

மரை உரிந்தது.

அவன் ரெஞ்சை மேஜையில் வைத்தான். சத்தம் கேட்டது டீச்சர், கேட்கத்தான் செய்தது என்றான்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“யாருக்கு என்னண்ணே ஆச்சு?”

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிந்தது. பிறகு சொன்னான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் வேனை நிறுத்திப் பழைய ஆயிலை இறக்கினான். நன்றாக வடிந்ததும் போல்ட்டை விரலால் ஏற்றினான். ஸ்பேனருக்குக் கை நீட்டியபோது லூர்து சாப்பிடக் கூப்பிட்டாள். கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு வந்து இறுக்கலாம் என்று எழுந்து போனான். சாப்பிட்டான். கண்ணயர்ந்தான். எழுந்து வந்து புது ஆயிலை ஊற்றினான், மூடியை மூடினான், கையைக் கழுவினான்.

ஸ்பேனர் வைக்கவில்லை.

திங்கள் வேன் ஓடியது. செவ்வாய் ஓடியது. புதன்கிழமை மதியம் பக்கத்துத் தோட்டத்துப் பாண்டித்துரை ஓடிவந்தான். அவன் மனைவி செல்லக்கிளிக்குப் பிரசவ வலி. தலைச்சன். ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையில் டேஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் அவள் கத்திக்கொண்டிருந்தாள். நிறுத்திப் பார்க்க மனசு வரவில்லை. அடுத்த வளைவில் எஞ்சின் இறுகி நின்றது.

நாற்பது நிமிஷம் கழித்துத்தான் எலுமிச்சை ஏற்றிய ஒரு லாரி வந்தது.

செல்லக்கிளி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

சேம்பரில் போல்ட்டே இல்லை. மலை ரோட்டு ஆட்டத்தில் கழன்று விழுந்திருக்கும், நடக்கிறதுதான் என்று வண்டியை இழுத்துவந்த மெக்கானிக் சொன்னார். ஊரும் அதையே சொன்னது. சவரியப்பனும் அதையே சொன்னான்.

“லூர்துக்குக்கூடத் தெரியாது,” என்றான்.

டீச்சர் கேட்டார்.

“இத ஏன்ணே எங்கிட்ட சொல்றீங்க?”

“நீங்க கேட்டீங்க.”

“நான் கேக்கலேன்னா?”

டீச்சர் எழுந்தார். புது போல்ட்டையும் செம்பு வாசரையும் எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். வேலை இன்னும் முடியவில்லை, வண்டி நிற்கட்டும் என்றார். பிறகு அடுத்த வண்டியின் பானெட்டைத் தூக்கி அதற்குள் குனிந்துகொண்டார்.

சவரியப்பன் வேனைப் பார்த்தபடி நின்றான். அதற்குள் ஒரு சொட்டு ஆயில் இல்லை. அடியில் ஓட்டை திறந்து கிடந்தது.

அவன் பஸ் ஏறினான்.

சிறுமலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பாண்டித்துரை வீட்டுக்குப் போனான். வாசலில் சாக்கை விரித்துச் செல்லக்கிளி எலுமிச்சையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பாண்டித்துரை மருந்தடிக்கும் டப்பாவைக் கழற்றிப் போட்டிருந்தான். அவனுடைய அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வேன் எங்கே, பஸ்ஸில் வருகிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். உட்காரச் சொன்னார்.

அவன் உட்காரவில்லை.

“அன்னைக்கு போல்ட் தானாக் கழரல. நான் ஸ்பேனரே வைக்கல.”

அவர்களுக்குப் புரியவில்லை. பாண்டித்துரை நிமிர்ந்து, எந்த போல்ட் என்றான். சவரியப்பன் விரலைச் சுற்றிக் காட்டி விளக்கினான். விரலால் ஏற்றியதை, சாப்பிடப் போனதை, தூங்கியதை, மறந்ததை. சிவப்பு விளக்கையும் சொன்னான். எதையும் விடவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் வைத்திருந்தான். அங்கே நின்றபோது அதை எடுக்க முடியவில்லை.

பாண்டித்துரை எழுந்தான். அடித்துவிடுவான் என்று சவரியப்பன் நினைத்தான். அவன் வீட்டுக்குள் போனான். வெறுங்கையோடு திரும்பி வந்தான். தோட்டத்துப் பக்கம் நடந்தான்.

அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்லக்கிளி கையைத் தூக்கி நிறுத்தினாள். சாக்கிலிருந்து ஒரு பழம் உருண்டு ஓடியது. அதை யாரும் எடுக்கவில்லை.

“அன்னைக்கு எனக்குக் காலையிலேயே லேசா வலி இருந்துச்சு,” என்றாள். “பழம் பறிச்சு முடிச்சிட்டுச் சொல்லலாம்னு மத்தியானம் வரைக்கும் சொல்லல. நீ முன்னாடியே வாயத் தெறந்திருந்தா புள்ள தப்பிச்சிருக்கும்னு இந்த வீட்ல சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“ரெண்டு வருஷம்ணே,” என்றாள் செல்லக்கிளி.

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

“போங்க.”

அவன் போனான்.

வீட்டில் லூர்துவிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முழுக்கக் கேட்டாள்.

“நான் சாப்பிடக் கூப்பிட்டதாலயா?” என்றாள்.

“இல்ல. நீ கூப்பிட்ட. மறந்தது நான்.”

அவள் தலையாட்டினாள். ஆனாலும் அதற்கப்புறம் அவன் வேலையாக இருக்கும்போது அவள் கூப்பிடுவதில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பட்டறைக்குப் போனான். டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தார். டிராயரைத் திறந்து போல்ட்டையும் வாசரையும் எடுத்துக் கொடுத்தார். டார்க் ரெஞ்சை ஆணியில் மாட்டிவிட்டுச் சின்ன ஸ்பேனரைக் கொடுத்தார்.

அவன் வேனுக்கு அடியில் படுத்தான். டீச்சரும் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

ஓட்டையின் உதட்டைத் துணியால் துடைக்கச் சொன்னார். பழைய வாசர் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் புதிது உட்காராது, கசியும் என்றார். டேப்பும் பசையும் வேண்டாம், இந்தச் செம்பு வளையம் ஒன்றே போதும், ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள் என்றார். போல்ட்டை விரலாலேயே கடைசிவரை ஏற்றச் சொன்னார். விரலுக்கு வராவிட்டால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றித் திரும்ப வையுங்கள் என்றார்.

அவன் ஏற்றினான். ஸ்பேனரை வைத்தான்.

“வால் நுனியில பிடிக்காதீங்க. நடுவுல பிடிங்க.”

நடுவில் பிடித்தான். மெல்லத் திருப்பினான். போல்ட் முதலில் சும்மா வந்தது. பிறகு உள்ளே ஏதோ மெதுவாக நசுங்குவது கையில் தெரிந்தது. செம்பு. இத்தனை வருஷத்தில் அதை அவன் உணர்ந்ததே இல்லை. நசுங்கியது, நசுங்கியது, பிறகு நின்றது.

அவன் கையும் நின்றது.

டீச்சரைப் பார்த்தான். அங்கே அவர் இல்லை. ஆயில் கேனை எடுக்கப் போயிருந்தார்.

ஊர்க்காரர்களுக்கு விஷயம் இரண்டே நாளில் தெரிந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. வேனில் ஏறவில்லை, அவ்வளவுதான். மூட்டைகளை மட்டும் ஏற்றிவிட்டு ஆட்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். பதினெட்டு வளைவும் அவன் காலி சீட்டுகளோடு இறங்கினான். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை.

ஒரு மாதம் பார்த்தான். ஒருநாள் பட்டறை வாசலில் வேனை நிறுத்தி இறங்கினான். நீங்கள் சொல்லித்தான் போய்ச் சொன்னேன், இப்போது ஒருத்தரும் ஏறுவதில்லை, இதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றான். குரல் உயர்ந்துவிட்டது.

டீச்சர் கிரீஸ் கையோடு வந்து நின்றார். தான் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லவில்லை என்று அவர் வாதாடவில்லை.

“கசியுதாண்ணே?”

“இல்ல.”

“அப்ப ஓட்டுங்க.”

அவன் ஓட்டினான்.

மூன்றாவது மாதம் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. முற்றத்தில் வேனை நிறுத்தினான். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, சூடேறியதும் அணைத்தான். வெட்டிய கேனை அடியில் தள்ளிப் போல்ட்டைக் கழற்றினான். கறுப்பு ஆயில் கயிறுபோல இறங்கியது. மெலிந்து நூலாகி, பிறகு சொட்டாகி நின்றது.

வேலிப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. கால்கள்தான் தெரிந்தன. சேலை விளிம்பில் எலுமிச்சைத் தோட்டத்து மண்.

செல்லக்கிளி.

அவன் வெளியே வரப் பார்த்தான். அவள், வேலையைப் பாருங்கள் என்றாள். கிட்டே வந்து வேனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவன் செய்வது முழுக்க அவளுக்குத் தெரிந்தது.

அவன் ஓட்டையைத் துடைத்தான். புது வாசரைக் கோத்தான். போல்ட்டை விரலால் ஏற்றினான். அந்த இடத்தில் அவன் விரல் கொஞ்சம் நின்றது. அவளும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து லூர்து எட்டிப் பார்த்தாள். கூப்பிடாமல் திரும்பிப் போனாள்.

அவன் ஸ்பேனரை எடுத்தான். நடுவில் பிடித்தான். கால் சுற்று. இன்னும் கொஞ்சம். நிறுத்தினான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தான்.

“இவ்வளவுதானா?” என்றாள் செல்லக்கிளி.

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

“இவ்வளவுதான்.”

அவள் வேனையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பிறகு கையை நீட்டினாள்.

அவன் ஸ்பேனரைக் கொடுத்தான்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கின்மேல் படுத்து வேனுக்கு அடியில் நகர்ந்தாள். ஸ்பேனர் போல்ட்டைத் தேடிச் சேம்பரில் இரண்டு தடவை தட்டியது. பிறகு கவ்வியது.

இழுத்தாள். அசையவில்லை.

இன்னொரு தடவை இழுப்பாள் என்று அவன் நினைத்தான். இழுக்கவில்லை. வெளியே வந்தாள். ஸ்பேனரை அவன் பக்கத்தில் வைத்தாள். முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

வேலிவரைக்கும் போனவள் நின்றாள்.

“நாளைக்கு வண்டிய எத்தன மணிக்கு எடுப்பீங்க?”